படத்தில் பச்சை, குடுவையில் ஆரஞ்சு

ஐந்து நாளுக்கு ஒருமுறை கோவை மாவட்டத்துக் காரமடைக்கு மேலே போகும் ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படத்தைப் பார்த்தால் இந்த ஊரில் ஒரு குறையும் தெரியாது. மேற்கே மலையடிவாரம் கரும்பச்சை. வடக்கே பவானியை ஒட்டி வாழையும் பாக்கும். நடுவே சதுரம் சதுரமாகக் கறிவேப்பிலைத் தோட்டங்கள். பங்குனி, சித்திரையிலும் அவற்றின் நிறம் மங்குவதில்லை. கிழக்கே அன்னூர்ப் பக்கம் போகப் போகத்தான் படம் பழுப்பாகிறது. கெட்டுப்போன நிலத்தைக் குறித்துக் கொடு என்று கணினியிடம் சொன்னால் அது கிழக்கைத்தான் குறிக்கும். என் கணக்கில் பல இடங்களில் விடை நேர்மாறு.

மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காரமடைக்குக் கிழக்கே எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருக்கிறது. ஊரை ஒட்டிக் கொழுந்தனார் பார்க்கும் கறிவேப்பிலைத் தோட்டம் இருக்கிறது. இரண்டு மண்ணும் என் குடுவைக்குள் வந்து போனவை.

குடுவையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். மண்ணில் மக்கு எவ்வளவு இருக்கிறது, அதாவது அங்ககக் கரிமம் எவ்வளவு என்று பார்க்க, சலித்த மண்ணைச் சிறிதளவு நிறுத்துப் போட்டு, பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலும் அடர் கந்தக அமிலமும் ஊற்றி அரை மணி நேரம் வைப்போம். வாக்லி, பிளாக் என்ற இருவர் 1934இல் வகுத்த முறை; பல ஆய்வகங்களில் இன்றும் அதுதான். டைகுரோமேட் நல்ல ஆரஞ்சு நிறம். மக்கு தாராளமாக உள்ள மண் என்றால் கரைசல் பச்சைக்குத் திரும்பும். இல்லாத மண் என்றால் ஆரஞ்சு ஆரஞ்சாகவே நிற்கும். அதன் பிறகு சொட்டுச் சொட்டாக அளந்து சரியான எண்ணைக் கண்டுபிடிப்போம் என்றாலும், கை பழகியவளுக்கு அந்த நிறத்திலேயே பாதி விடை வந்துவிடும். அரை சதவீதத்துக்குக் கீழே போனால் 'குறைவு', முக்கால் சதவீதத்துக்கு மேலே போனால் 'அதிகம்' என்று அட்டையில் எழுதுவோம். பச்சைப் பசேல் என்று செடி நிற்கும் தோட்டங்களின் மண்தான் எத்தனையோ முறை என் மேசையில் ஆரஞ்சாகவே நின்றது.

காரணம் புரியாத விஷயமில்லை. காரமடைக் கறிவேப்பிலை கேரளத்துக்குப் போகிறது, கோவைச் சந்தைக்குப் போகிறது. ஒருமுறை நட்டால் இருபது ஆண்டுகூட நிற்கும். சில மாதத்துக்கு ஒரு வெட்டு. வெட்டும்போது இலை, குச்சி எல்லாம் கட்டாகி லாரி ஏறிவிடும். மண்ணில் விழுந்து மக்குவதற்கு அனேகமாக எதுவும் மிஞ்சாது. கட்டுத்தரையில் மாடு இருந்த காலத்தில் வண்டி வண்டியாக எரு வந்தது. கறவையை விற்ற வீடுகளில் இன்று அது விலைக்கு வாங்கும் பொருள். தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. பவானியை விட்டு விலகிக் கிழக்கே போகப் போக ஆயிரம் அடியைத் தாண்டித் துளை போட்டவர்கள் உண்டு. அவ்வளவு ஆழத்துத் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சோடியமும் சுமந்துதான் வருகிறது. சொட்டுநீர்க் குழாய் நனைக்கும் வட்டத்தின் ஓரத்தில் அந்த உப்பு படியும். மலைகள் மழையை மறித்துக்கொள்ளும் பகுதி இது; ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அது உப்பைக் கீழே கழுவி இறக்கப் போதாது. மண்ணின் கார அமில நிலை எட்டரையை நெருங்கும்போது, மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடிவதில்லை. இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது மஞ்சளாக வெளுக்கும். விவசாயி அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கரைத்து இலைமேல் அடிப்பார். கொஞ்ச நாளில் இலை மறுபடி பச்சை.

அந்தப் பச்சையைத்தான் செயற்கைக்கோள் பார்க்கிறது. இலை, சூரிய ஒளியில் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் விகிதத்தை வைத்துத்தான் பயிர்ச் செழிப்புக் குறியீடு போடுகிறார்கள். நல்ல கணக்குத்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் கொழுந்தனார் தோட்டத்து மண்ணை நட்ட நாளிலிருந்து எந்தச் செயற்கைக்கோளும் பார்த்ததே கிடையாது. பார்த்ததெல்லாம் இலையை.

"செடி பச்சையா இருக்கையில மண்ணுக்கு என்னுங்க அண்ணி வந்துருச்சு?" என்று அவர் கேட்பார். கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனைத் தாளை நீட்டினால், "இதுக்கு மேல எங்க போயி நல்ல தண்ணி கொண்டாறது?" என்பார். இரண்டு கேள்வியும் நியாயமானவை. கடன் வாங்கிக் கட்டிய பட்டுச்சேலை மாதிரி ஒரு பச்சை அது என்பது என் எண்ணம். சேலை பளபளப்பாகத்தான் இருக்கிறது என்பது அவர் வாதம்.

நிலம் பாலையாவது என்றதும் ராஜஸ்தான் மணல்மேட்டை நினைத்துக்கொள்கிறோம். மிஞ்சினால் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு. 1994ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று பாரிஸில் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கை அப்படிச் சொல்லவில்லை. வறண்ட, அரை வறண்ட நிலப்பகுதிகளில் மண் தன் விளைதிறனை இழப்பதெல்லாம் அதில் அடக்கம். அந்த அளவுகோலில் கோவை, திருப்பூர், ஈரோடு மேட்டு நிலங்கள் பேச்சுக்குள் வந்துவிடுகின்றன. உடன்படிக்கை நாடுகள் நிலச் சீரழிவை மூன்று அளவுகளால் கணக்கிடுகின்றன: நிலத்தின் மேல் என்ன போர்வை இருக்கிறது, அதன் விளைச்சல் திறன் கூடுகிறதா குறைகிறதா, மண்ணில் கரிமம் எவ்வளவு. மூன்றில் ஒன்று சரிந்தாலும் அந்த நிலம் சீரழிந்ததாகவே எழுதப்பட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டையும் வானத்திலிருந்து பார்த்துவிடலாம். மூன்றாவதற்கு யாராவது குழி தோண்ட வேண்டும். தோண்ட ஆளில்லாத இடத்தில் உலக அளவிலான மதிப்பீட்டு வரைபடத்திலிருந்து ஒரு எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். காரமடையில் மூன்றாவதுதான் விழுந்திருக்கிறது.

நம் நாட்டில் நிலச் சீரழிவைப் படமாக்கும் வேலையைச் செய்வது அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம். 2021இல் அது வெளியிட்ட வரைபடத் தொகுப்பின்படி, 2018-19இல் நாட்டின் நிலப்பரப்பில் 29.77 சதவீதம், அதாவது 9.785 கோடி ஹெக்டேர் சீரழிவுக்கு உட்பட்டது. 2003-05இல் இது 9.453 கோடி ஹெக்டேராக இருந்தது. தமிழ்நாட்டு நிலப்பரப்பில் சீரழிந்தது ஏறத்தாழ 12 சதவீதம். ராஜஸ்தான், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் நாம் தப்பித்தோம் என்று தோன்றும். இந்தத் தொகுப்பை நான் மதிக்கிறேன். நாடு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. 2019இல் கிரேட்டர் நொய்டாவில் நடந்த ஐ.நா. மாநாட்டில், 2030க்குள் மீட்கும் நிலத்தின் இலக்கை 2.1 கோடி ஹெக்டேரிலிருந்து 2.6 கோடியாக இந்தியா உயர்த்தியபோது அதற்கு அடிப்படையாக ஏதாவது எண் வேண்டியிருந்தது; இதன் முந்தைய பதிப்பு இருந்தது.

ஆனால் அதை எடுத்துக்கொண்டு ஒரு விவசாயியிடம் போக முடியாது. நாடு முழுவதற்குமான படத்தின் அளவு ஐந்து லட்சத்துக்கு ஒன்று. ஐந்து ஏக்கர்த் தோட்டம் அந்தத் தாளில் ஒரு பக்கம் கால் மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். பேனா முனை வைத்தால் இரண்டு மூன்று பண்ணையம் மறைந்துபோகும்.

நிலம் ஏன் கெட்டது என்பதற்கும் அந்தப் படத்தில் குறியீடுகள் உண்டு: நீர் அரிப்பு, காற்று அரிப்பு, உப்புப் படிதல், தாவரப் போர்வை சிதைவு என்று. லடாக்கில் பனி உறைந்து பாறை நொறுங்குவதற்குக்கூடத் தனிக் குறியீடு இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு இல்லை. வெள்ளியங்காடு, தோலம்பாளையம் பக்கம் சோளமும் கொள்ளும் போடாமல் காடு கிடப்பதற்குப் பன்றியும் யானையும் எவ்வளவு காரணம், ஆள் கிடைக்காதது எவ்வளவு காரணம், சைட்டு போட்டு விற்கக் காத்திருப்பது எவ்வளவு காரணம் என்பதை மேலிருந்து சொல்ல முடியாது. மூன்றும் படத்தில் ஒரே பழுப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு. பன்றி மேயும் காட்டுக்குத் தடுப்பணை கட்டிக் கொடுத்து என்ன பயன்?

கிழக்குப் பக்கப் பழுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் போனவர்கள் கொறங்காடு பார்த்திருப்பார்கள். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். மாடும் ஆடும் மேயும், உழவு அபூர்வம். காங்கேயம் மாடு அந்தப் புல்லில் வளர்ந்ததுதான். கோடையில் புல் காய்ந்து சுருண்டுவிடும். வெள்வேல மரமும் இடைவெளி விட்டுத்தான் நிற்கும். அந்த மாதத்துப் படத்தை வைத்துப் பார்த்தால் அது ஒன்றுக்கும் உதவாத புதர் நிலம். மண்ணையோ புல்வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது, மாட்டுச்சாணம் அங்கேயே விழுகிறது, ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சீறி வந்தாலும் மேல்மண் கிளம்புவதில்லை. அதே காற்றில், கிளுவை வேலியையும் இட்டேரியையும் அழித்துக் கல்கால் நட்டுக் கம்பி கட்டிய காடுகளில் செம்மண் எழும்பி வீட்டுக்குள் வருகிறது. எங்கள் கிழக்குக் காட்டில் கொறங்காடு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. ஆனால் மாமனார் காலத்திலிருந்து கோடையில் ஆட்டுப்பட்டி அடைத்த பகுதி ஒன்று உண்டு. அந்த மண்ணும் கொழுந்தனாரின் தோட்டத்து மண்ணும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துக் குடுவையில் இருந்திருக்கின்றன. பட்டி அடைத்த மண்தான் பச்சைக்குத் திரும்பியது.

இதில் புதுமை ஒன்றுமில்லை. கோவையில் இன்று வேளாண் பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தில் 1909இல் ஒரு நிரந்தர உரப் பரிசோதனையைத் தொடங்கினார்கள், இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பரிசோதனையை முன்மாதிரியாக வைத்து. ஒரு பாத்திக்குத் தொழுவுரம் மட்டும், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று பிரித்து, தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து மண்ணை அளந்தார்கள். பாசன நிலத்துக்கான இன்னொரு பரிசோதனை 1925இல். எருப் போட்ட பாத்தியில் கரிமம் நிற்கிறது என்பதை நூறாண்டுக்கும் மேலான அந்தக் கணக்கு சொல்கிறது. உலகத்தில் இப்படிப்பட்ட மண்பதிவு வைத்திருக்கும் ஊர்கள் சொற்பம். நம் ஊரில் அது இருப்பது இங்கே பஸ் ஏறுகிறவர்களில் பத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் ஆச்சரியம்தான். மண் ஆய்வாளர்கள் மண்வகைகளுக்கு இருகூர், பீளமேடு, பாலத்துறை, பெரியநாயக்கன்பாளையம், சோமையனூர், பல்லடம் என்று நம் ஊர்ப்பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள். இருகூர் என்றால் சுண்ணாம்பு இல்லாத செம்மண், பெரியநாயக்கன்பாளையம் என்றால் கரிசல். தன் காடு இதில் எது என்று கேட்டால் சொல்லத் தெரிந்த விவசாயியை நான் மிக அரிதாகவே சந்தித்தேன். தெரியாதது அவர் குற்றமா?

எங்கள் துறையின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் முறையாகாது. மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கட்டில் தொடங்கப்பட்டது. தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம் என்று 12 விவரங்கள். எண்ணம் நல்லது. ஆனால் மாதிரி எடுத்தது கட்டம் போட்டு: பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. பத்து ஹெக்டேர் என்றால் இருபத்தைந்து ஏக்கர். கொங்குச் சீமையில் மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் ஒரே காட்டுக்குள் இருக்கும். ஒரு மாதிரியின் எண்ணைக் கட்டத்துக்குள் வந்த எல்லோருடைய அட்டையிலும் அச்சடித்துக் கொடுத்தால், பக்கத்துக் காட்டுக்காரரின் அட்டையும் தன்னுடையதும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதைப் பார்த்த விவசாயி என்ன நினைப்பார்? "இதையத்தான் பூமியப் பார்க்காமயே எழுதிரலாமே அம்மிணி" என்று ஒரு பெரியவர் என்னிடம் அட்டையை நீட்டிச் சொன்னார்.

அதோடு, வி வடிவத்தில் அரையடிக் குழி வெட்டி, ஓரத்தைச் சீவி, பல இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகத்தை ஒதுக்கி ஒதுக்கி அரைக்கிலோவாக்குவதற்கு நேரம் ஆகும். இலக்கு முடிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கும் மாதத்தில் ரோட்டோரத்து மண் பைபையாக வந்து இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வரப்போரத்து மண்ணும் எருக்குழி ஓரத்து மண்ணும் கண்ணுக்கே தெரியும். அளவுக்கு மீறிய மணிச்சத்தைக் காட்டிக்கொண்டு அவை பதிவேட்டில் இன்றும் இருக்கும்.

செயற்கைக்கோள் உதவ வேண்டிய இடம் இதுதான். எங்கே குழி வெட்டுவது என்று காட்டித் தருவதில் அதை மிஞ்ச ஆளில்லை. சித்திரையில் கோடை உழவு முடிந்து காடு வெறுமையாகக் கிடக்கும் நாளின் படத்தை எடுத்தால் செம்மண்ணும் கரிசலும் சுக்காங்கல் மண்ணும் தனித்தனி நிறமாகப் பிரிந்து தெரியும். முதலில் சொன்ன ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 படத்தின் ஒரு கட்டம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு நாற்பது கட்டம். அந்தப் படம் உலகத்தில் யாருக்கும் இலவசம். அப்படிப் பிரியும் நிறப் பிரிவுக்கு ஒரு மாதிரி எடுத்தால் போதும். மொத்த மாதிரிகளின் எண்ணிக்கைகூட ஏறாது, அட்டைத் திட்டத்தின் மூன்று கட்டத்துக்குள் ஒரே செம்மண் வரும் இடத்தில் குறையவே செய்யும்.

கேட்கும் கேள்வியை மாற்றினால் அதே பச்சைப் படம் வேறு ஒன்றையும் சொல்லும். 'பச்சை எங்கே குறைகிறது' என்று மட்டும் கேட்காமல், 'மழையில்லாத மாதத்தில், ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத இடத்தில், பச்சை எங்கே கூடுகிறது' என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசையில் முதல் செயற்கைக்கோள் 1972இல் மேலே போனது. 2008 முதல் அதன் பழைய படங்கள் இலவசம். முப்பது நாற்பது ஆண்டுச் சித்திரைகளை வரிசையாக வைத்தால் காரமடைக்கும் அன்னூருக்கும் நடுவே ஆழ்துளைக் கிணறு எப்படிப் பரவியது என்பதற்கு அதுவே வரைபடம். எந்த மண்ணில் உப்பு ஏறியிருக்கும் என்று தேடுவதற்கு அங்கே முதலில் போகலாம். இப்போதைய கணக்கில் அந்த இடமெல்லாம் 'முன்னேற்றம்' என்ற பெட்டியில் விழுகிறது.

பழைய படத்தையும் புதுப் படத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டைச் சொல்வேன். அங்கே மராடி பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மரக்கன்று நட்டு நட்டுச் சலித்துப்போனார், பெரும்பாலானவை பட்டுப்போயின. வயலில் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணுக்குள் உயிரோடு இருப்பதையும் ஆண்டுதோறும் துளிர்ப்பதையும் 1983வாக்கில் கவனித்து, அந்தத் துளிரில் நல்லதை மட்டும் விட்டுக் கவாத்து செய்யச் சொன்னார். விவசாயிகள் பார்த்துப் பார்த்துப் பரப்பிக்கொண்டார்கள். எவ்வளவு பரவியது என்று எந்த அரசிடமும் கணக்கில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த கிரே டாப்பன் பழைய படங்களோடு புதிய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோதுதான் தென் நைஜரில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியிருப்பது உலகுக்குத் தெரிந்தது. விவசாயி ஓசையில்லாமல் செய்ததைக் கண்டுபிடித்துச் சொன்னது படம். நம் வெள்வேலத்துக்கும் கொறங்காட்டுக்கும் அப்படி ஒரு கண் வாய்க்க வேண்டும். கோடைப் படத்தை மட்டும் பார்த்துப் புதர் நிலம் என்று எழுதிவிட்டு, அங்கே சூரிய மின்பலகை போடலாமே என்று அடுத்த ஆள் கேட்பதற்கு முன்னால்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. பக்கத்துக் கர்நாடகம் செய்திருக்கிறது. உலக வங்கி உதவியோடு நடந்த சுஜலா மூன்றாம் கட்டத் திட்டத்தில், பெங்களூரில் உள்ள தேசிய மண் ஆய்வு மையத்தார் துல்லியமான செயற்கைக்கோள் படத்தைக் கிராமத்துச் சர்வே வரைபடத்தின் மேல் பொருத்தி, ஊர் ஊராகக் குழி வெட்டி மண்ணின் ஆழம், சரிவு, கல், சுண்ணாம்பு எல்லாம் பார்த்து நிலவளக் கணக்கு எடுத்தார்கள். அந்த வரைபடத்தின் அளவு 7,920க்கு ஒன்று, மைலுக்கு எட்டு அங்குலம். இஸ்ரோ படத்தில் பேனா முனைக்குள் மறையும் ஐந்து ஏக்கர் இதில் ஒரு பக்கம் 1.8 சென்டிமீட்டர். அந்தச் சர்வே எண்ணுக்கு எந்தப் பயிர், எங்கே வரப்பு, எவ்வளவு உரம் என்று விவசாயிக்குத் தனித் தாள். அதற்கு முன்பே 2009இல் இக்ரிசாட் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய பூசேதனா திட்டத்தில், மண்ணில் எந்தச் சத்து குறைவு, ஏக்கருக்கு எவ்வளவு போடலாம் என்பதைக் கிராமத்துச் சுவர்களிலேயே எழுதினார்கள். எனக்குப் பிடித்தது அந்தச் சுவர்தான். செயலியைத் திறக்கத் தெரியாதவரும் டீ குடிக்க நிற்கும்போது படிக்கலாம். தப்பு இருந்தால் நாலு பேர் முன்னால் கேட்கலாம்.

நம்மால் முடியாதது இதில் எதுவுமில்லை. 2016-17 வறட்சியில் நெல் காய்ந்த டெல்டாவில், எந்த வருவாய்க் கிராமத்தில் எவ்வளவு சேதம் என்று கோவை வேளாண் பல்கலைக்கழகம் ரேடார் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணக்கெடுத்துக் கொடுத்தது. காப்பீட்டுத் தொகை தருவதற்கு அது பயன்பட்டது. மேகம் மூடியிருந்தாலும் ரேடாருக்குத் தெரியும். காய்ந்த பிறகு பணம் கொடுப்பதற்குக் கிராமம் வரை இறங்கி வந்த தொழில்நுட்பம், காய்வதற்கு முன்னால் ஏன் மாவட்டத் தலைநகரத்தோடு நின்றுவிடுகிறது? 2025 ஜூலை 30 அன்று சிறீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை மண்ணீரத்தையும் அளப்பதற்கானது. தமிழ்நாடு அரசின் 'தமிழ் மண்வளம்' தளத்தில் சர்வே எண் போட்டால் மண் விவரம் வருகிறது. உழவன் செயலி 2018லிருந்து கையில் இருக்கிறது. தரவுக்குப் பஞ்சமில்லை. அன்னபேதியை அடிப்பதா, கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பதா, ஜிப்சம் போடுவதா, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதா என்று தன் தோட்டத்தை வைத்துக் கேட்கும் ஒருவருக்குப் பதில் சொல்ல ஆள்தான் இல்லை. வட்டாரத்தில் இருக்கும் உதவி வேளாண்மை அலுவலர் மானிய விண்ணப்பத்தை ஏற்றி முடிப்பதற்குள் மாலையாகிவிடும்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் கொடுக்கும் மண்வள அட்டை எங்கள் பகுதிக்குப் பாதி அட்டைதான் என்பதை உரக்கவே சொல்வேன். மண்ணைக் காரமாக்கும் சோடியம் கார்பனேட் மிச்சம் லிட்டருக்கு இரண்டரை மில்லி ஈக்விவலன்டைத் தாண்டிய தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே ஏக்கருக்கு எத்தனை கிலோ யூரியா என்று பரிந்துரைப்பது வீண் வேலை. மண் மாதிரியும் தண்ணீர் மாதிரியும் ஒரே நாளில், ஒரே எண்ணில் பதிவாக வேண்டும். ஆய்வகத்தில் இரண்டுக்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது.

இதை உடனே செய்து பார்ப்பதற்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அறுபது ஆண்டு கேட்டுக் கேட்டு, அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை நீரேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். காரமடை, அன்னூர்ப் பக்கத்துக் குளங்களும் அதில் உண்டு. குளம் நிறைந்தால் சுற்றுக் கிணறுகளில் தண்ணீர் ஏறும். உப்பு குறையுமா, எவ்வளவு தூரம் குறையும், எத்தனை ஆண்டில் மண்ணின் கார நிலை இறங்கும் என்பதை இப்போது அளந்து வைத்தால்தான் பிற்பாடு சொல்ல முடியும். அளக்காமல் விட்டால் ஐந்து ஆண்டு கழித்துப் படத்தில் பச்சை கூடியிருப்பதைக் காட்டி வெற்றி என்று அறிவிப்பார்கள். அந்தப் பச்சை குளத்துத் தண்ணீரால் வந்ததா, புதிதாகப் போட்ட ஆயிரத்து இருநூறு அடித் துளையால் வந்ததா என்று கேட்டால் பதில் இருக்காது.

செலவும் பெரிதில்லை, ஆட்களும் தூரத்தில் இல்லை. மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி, காரமடை விவேகானந்தபுரத்தில் அவினாசிலிங்கம் வேளாண் அறிவியல் நிலையம், கோவையில் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை. எல்லாம் ஒரு பஸ் தூரம். குளத்தைச் சுற்றிச் சில கிராமங்களை எடுத்துக்கொண்டு, சித்திரைப் படத்தை வைத்துப் பிரித்து, சர்வே எண் வாரியாக மண்ணும் தண்ணீரும் எடுக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிராமத் தங்கல் பயிற்சி எப்படியும் உண்டு. அவர்களை வைத்து முறையாகக் குழி வெட்டலாம். 2024இல் குளத்து வண்டல் இலவசமாக எடுப்பதற்கான அனுமதி முறையை அரசு எளிதாக்கியது. 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதை கொடுக்கிறது. அந்த வண்டலும் விதையும் யார் முதலில் வந்து கேட்டாரோ அவருக்கு என்று போகாமல், குடுவையில் ஆரஞ்சாக நின்ற சர்வே எண்ணுக்கு முதலில் போக வேண்டும். இதற்குத்தான் தரவு.

மாதிரி எடுப்பதற்குச் சரியான நேரம் அறுவடை முடிந்து, ஆடிப்பட்ட விதைப்புக்கு முன்னால், சித்திரையும் வைகாசியும். ஆடிக்குள் முடிவு கையில் வேண்டும் என்றால், எந்தக் குளம், எந்தக் கிராமம், யார் பொறுப்பு என்பது மாசியில் காரமடை அரங்கநாதர் தேர் நிலைக்கு வருவதற்குள் காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.